தும்மலுக்குத் திரும்பிய ஊர்

பங்குனி பிறந்துவிட்டதா என்று கூத்தனேந்தலில் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. கண்மாய்க்குள்ளும் கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் சுடுகாட்டிலும் பள்ளிக்கூடத்துச் சுவரிலும், மண் இருக்கிற இடத்தில் எல்லாம் சீமைக்கருவேலம் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், காற்று அந்த மஞ்சளை அள்ளிக்கொண்டு தெருத்தெருவாக வரும், வந்து பஞ்சவர்ணத்தின் மூக்கைத் தேடிக் கண்டுபிடிக்கும், அவள் தும்ம ஆரம்பிப்பாள், அதைக் கேட்டதும் கோடை வந்துவிட்டது என்று நாங்கள் மோர்ப்பானையைக் கழுவி எடுத்து வைப்போம். பஞ்சவர்ணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீட்டு முன்கட்டில் தையல்கடை வைத்திருப்பவள், ஊரில் பாதிப் பேருடைய ரவிக்கை அளவை மனப்பாடமாக வைத்திருப்பவள், கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் அவள் புருஷன் தர்மலிங்கத்தைத் தவிர யாரும் இல்லை. அவள் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. முதலில் இரண்டு சின்னதாக வரும், ஒத்திகை பார்ப்பது மாதிரி. அப்புறம் வருமே ஒன்று, அதற்கு டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும், படுத்திருக்கிற நாய் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கும்.

வெளியூர் கிளம்பும்போது யாராவது தும்மினால் திரும்பி வீட்டுக்குள் வர வேண்டும், உட்கார வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுபடி கிளம்ப வேண்டும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை, கொட்டாவி விட்டால் வாயைப் பொத்துகிற மாதிரி தானாக வந்தது. ஆனால் கொஞ்ச காலமாக ஊரில் எல்லோரும் பைக் வாங்கிவிட்டார்கள், போன் வாங்கிவிட்டார்கள், அவசரம் என்ற ஒன்றையும் எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டார்கள், யார் தும்மினாலும் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ தெரியாது. அந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலைப் பஸ் கிளம்பி, கண்மாய்க் கரை ஏறி, ஊர் எல்லையில் இருக்கிற வரவேற்பு வளைவுக்குக் கிட்டப் போகும்போது பஞ்சவர்ணம் தன் மிஷினில் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவரவர் கிளம்பிய இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் டம்ளரோடு, டம்ளரில் தண்ணீரோடு.

பஞ்சவர்ணத்தின் நாத்தனார் பாக்கியம் விருந்துக்கு வந்துவிட்டு அந்தப் பஸ்ஸில்தான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் பஞ்சவர்ணம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் எவர்சில்வர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள், தண்ணீரைக் குடித்தாள், "இந்த ஊர்த் தண்ணி இன்னும் உப்பாத்தான் இருக்கு" என்று சொன்னாள், பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். டிரைவர் சவரிமுத்து ராத்திரி ஊரில் தங்கிக் காலையில் வண்டி எடுக்கிறவர் என்பதால் டீக்கடை பெஞ்சுக்கே திரும்பி வந்திருந்தார். தூரத்தில் வளைவுக்கடியில் பஸ் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, தண்ணி குடிச்சாச்சு. ஒரு டீயும் போடுங்க, குடிச்சுட்டே போயிர்றேன்" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஊருக்குள் வருகிறவர்களை அந்தத் தும்மல் ஒன்றும் செய்யாது, ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களையும் ஒன்றும் செய்யாது, வெளியூர் என்று கிளம்பி வளைவைத் தாண்டாமல் இருக்கிறவர்களை மட்டும் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து உட்கார வைக்கும். அவளோ ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை தும்முவாள் என்று அவளுக்கே தெரியாது, தூங்கும்போதும் தும்முவாள், விடியற்காலையில் பூ வெடிக்கிற நேரத்தில் சரம்சரமாகத் தும்முவாள். இரண்டு தும்மலுக்கு இடையில் ஓடித் தப்பினவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

நாங்கள் பழகிக்கொண்டோம். பஞ்சாயத்திலிருந்து வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மணல் குவியல் போட்டார்கள், டிரைவர் மறைந்துபோனால் வண்டி அதில் மூக்கை நுழைத்து நிற்கட்டும் என்று. கண்மாய்க் கரை ஏறியதும் எல்லா வண்டியும் முதல் கியரில் ஊர்ந்து போக வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. சந்தைக்கு ஓட்டிப்போன ஆடுகள் திரும்பிப் பட்டியில் நின்றன. ஆடுகளுக்கு டம்ளர் கிடையாது, வாய் மட்டும் நனைந்திருக்கும். கோனார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார்கள். போனால்தானே சொல்லி அனுப்ப முடியும்? கிளம்பினார்கள், திரும்பினார்கள், கிளம்பினார்கள், திரும்பினார்கள். நாளாக நாளாக மாப்பிள்ளைப் பையன் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கவும் மாட்டுக்குத் தவிடு கலக்கவும் ஆரம்பித்துவிட்டான். கடைசியில் அவன் அம்மாவே, "எங்களுக்குச் சம்மதந்தான், இதுக்கு மேல என்னால கேசரி திங்க முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

குடிதண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். வருஷா வருஷம் யாராவது ஒருவர் வருவார், தொட்டியை அண்ணாந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். இந்த வருஷம் வந்தவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார், பள்ளிக்கூடத்து வராந்தாவில் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். முதல் டம்ளரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மறுபடி ஏறினார், மறுபடி குடித்தார். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரை எங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் குடித்தவர் அவர்தான். ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து மேலே இருக்கிற யார் யாரிடமோ கத்தினார், கெஞ்சினார், அழுதார், அந்த வாரமே நல்ல தண்ணீர்க் குழாய் லாரியில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு பஞ்சவர்ணத்தின் கடைக்கு முன்னால் ஒரு மாலையும் ஒரு சூடமும் வந்தன. மாலையில் இருந்த பூவுக்கும் சேர்த்து அவள் தும்மினாள்.

ஊரே இப்படிக் கிறுக்குப் பிடித்துச் சந்தோஷமாக இருந்தபோது, பஞ்சவர்ணத்தின் மகள் சூர்யகலாவுக்கு வேலை வந்தது.

ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலை. முதலில் உதவி ஓட்டுநர், பிறகு ஓட்டுநர். அதற்காக அவள் மூன்று வருஷம் படித்தாள், ரயிலே வராத ஊரில் இருந்துகொண்டு சிக்னல் விளக்குகளைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசினாள். சித்திரை முடிவதற்குள் விஜயவாடா போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சீமைக்கருவேலமோ ஆடிக் காற்று அடித்து ஓய்கிறவரை பூத்துக்கொண்டே இருக்கும். பஞ்சவர்ணம் மகளுக்கு எல்லா சுடிதாரிலும் இரண்டு பக்கமும் ஆழமாகப் பை வைத்துத் தைத்திருந்தாள், எஞ்சின் ஓட்டுகிறவளுக்குப் பை இல்லாமல் எப்படி என்று.

சூர்யகலா விடியும் முன் கிளம்பினாள், திரும்பினாள். மத்தியானம் பஸ்ஸில் கிளம்பினாள், திரும்பினாள். அப்பா தர்மலிங்கத்தின் கரிமூட்டை லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு போனாள், முகமெல்லாம் கரியோடு பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பினாள், பக்கத்து ஸ்டூலில் தர்மலிங்கமும் இன்னொரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவள் கையில் ஒவ்வொரு தடவையும் அதே எவர்சில்வர் டம்ளர், அதே தண்ணீர். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ருசி மட்டும் மாறியிருந்தது.

ஊர் இதைத் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. பஞ்சவர்ணத்தை நொச்சி இலை போட்டு வேதுபிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். விரலி மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை இழுக்கச் சொன்னார்கள், இழுத்தாள், இருமலும் சேர்ந்துகொண்டது. மிளகுப் பால் குடித்தாள். உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுத்தாள். ஜன்னலில் எல்லாம் ஈரச் சேலை தொங்கியது, ரவிக்கை லைனிங் துணியில் அவளே மூக்குக்கு உறை தைத்துக் கட்டிக்கொண்டாள், சாயங்காலமானால் தலைக்கு ஊற்றி முடியில் ஒட்டின மஞ்சளைக் கழுவினாள். மருந்துக்கடை காதர் மைதீன் தந்த வெள்ளை மாத்திரை கொஞ்சம் கேட்டது, ஆனால் அதைப் போட்ட நாளில் தூங்கித் தூங்கி விழுந்து, தலையாரி பெண்டாட்டிக்கு மூன்று கை வைத்து ரவிக்கை தைத்துவிட்டாள். தூங்கின தூக்கத்திலும் நடுநடுவே ஒன்றிரண்டு வந்தது. ஒன்று போதுமே.

கடைசியில் போனில் ஒரு டாக்டரைப் பிடித்தார்கள். அந்தம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பூந்தாது ஒவ்வாமை, பயப்பட ஒன்றும் இல்லை, மாத்திரையும் மூக்கில் அடிக்கிற மருந்தும் எழுதித் தருகிறேன், ஆனால் அந்தப் பூவையும் இவர்களையும் கொஞ்ச நாள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி வையுங்கள் என்று சொன்னார். தள்ளி வைத்துவிட்டால் போயிற்று என்று நாங்கள் அத்தனை பேரும் அரிவாளும் கோடாலியுமாகக் கிளம்பினோம். அவள் வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றி, பஸ் நிறுத்தத்தைச் சுற்றி வெட்டு வெட்டென்று வெட்டினோம். வெட்டின மரம் ஒவ்வொன்றும் விழும்போது தன் மஞ்சள் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் உதறியது, ஊரே மஞ்சள் தண்ணீர் ஆடின மாதிரி ஆனது, அன்றைக்குப் பஞ்சவர்ணம் தும்மின தும்மலில் ஊரை விட்டு ஓர் எறும்புகூட வெளியே போயிருக்காது. வெட்டின தூரில் அடுத்த வாரமே தளிர் விட்டது. பூவைத் தள்ளி வைக்க நாங்கள் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கு, அவளைத் தள்ளி வைக்கலாமே என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. வீட்டில் இருக்கிற பொம்பளை எங்கே போவாள்?

சித்திரை முடியப் போனது. சூர்யகலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பெட்டி காலடியில் இருந்தது, டம்ளரைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தாள்.

"அம்மா, ஒன்னு கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

"கேளு தாயி."

"நீ வேணும்னே தும்முறியா?"

பஞ்சவர்ணம் மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். தர்மலிங்கம், "ஏத்தா, பெத்தவகிட்ட பேசுற பேச்சா இது" என்று ஆரம்பித்தார், பஞ்சவர்ணம் அவரைக் கையமர்த்தினாள்.

"ஊரு பூரா அப்படித்தாம்மா பேசுது" என்றாள் சூர்யகலா. "பெத்த பாசம் விடமாட்டேங்குதுன்னு இப்ப அதுக்கும் உனக்கு மாலை போடுறாங்க. உனக்குப் பாசம், எனக்கு வேலை போகுது. நான் போகக்கூடாதுன்னா வாயத் தெறந்து சொல்லிரு. இப்படி மூக்கால சொல்லாத."

பஞ்சவர்ணம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், தும்மல்தான் வந்தது. அதே நேரத்தில் கண்மாய்க் கரையில் நான்கு பைக்குகள் ஆளில்லாமல் சாய்ந்தன. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

"எங்க புள்ள?" என்றார் தர்மலிங்கம்.

"வளைவுக்கு அங்கிட்டு. நான் இங்க இருந்தாத்தான இவ திரும்பி வாரா? நான் முன்னாடி போயிர்றேன். நான் தும்முற சத்தம் ஊருக்குள்ள இல்லன்னா இவ பாட்டுக்கு நடந்து வரட்டும்."

"கிறுக்கா ஒனக்கு? ஒன் தும்மல் ஒன்னையே திருப்பிக் கொண்டாந்து ஒக்கார வச்சிராதா?"

"தெரியலயே" என்றாள் பஞ்சவர்ணம். "நான் எங்க கெளம்பிப் பாத்தேன், தெரியுறதுக்கு?"

அது உண்மைதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து பங்குனி சித்திரையில் அவள் ஊரைத் தாண்டியதே இல்லை. கோயில் திருவிழாவுக்கு எல்லோருக்கும் துணி தைக்க வேண்டியிருக்கும், விருந்தாள்கள் வருவார்கள், சோறு பொங்க வேண்டியிருக்கும், அப்புறம் மூக்கு வேறு. அவள் இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல் செருப்பை மாட்டினாள்.

மத்தியானப் பஸ்ஸில் அவள் ஏறியதும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தீயணைப்பு வண்டியிலேயே தீப்பிடித்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. சவரிமுத்து மட்டும், "வாங்க மதினி, முன்னாடி வந்து ஒக்காருங்க. எனக்கு இந்தச் சித்திரையில தாகம்னா என்னன்னே மறந்துபோச்சு" என்றார். பஸ் கண்மாய்க் கரை ஏறி முதல் கியரில் ஊர்ந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் மூக்கை அழுத்திப் பிடித்தாள், மூச்சைப் பிடித்தாள், குலதெய்வத்தைப் பிடித்தாள். வளைவு கிட்டே வந்தது. ஒத்திகைத் தும்மல் இரண்டும் வந்தன. பிறகு அது வந்தது.

கண்ணைத் திறந்தபோது பஸ்ஸில் யாரும் இல்லை. கண்டக்டர் இல்லை, சவரிமுத்து இல்லை, பின் சீட்டில் கூடையோடு இருந்த மீன்காரப் பெண் இல்லை, கூடையும் இல்லை. ஸ்டீயரிங் தன்பாட்டுக்கு லேசாகத் திரும்பியது, பஸ் மெதுவாகப் போய் மணலில் மூக்கை நுழைத்து ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பஞ்சவர்ணம் தன் கையைப் பார்த்தாள். முந்தானை இருந்தது, டம்ளர் இல்லை. உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள், பஸ் சீட்டுதான். தன் தும்மல் ஊரையே திருப்பும், தன்னைத் திருப்பாது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் யாரும் தன்னைப் பிடித்து வைக்கவில்லை என்றும் தெரிந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக ஒரு பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு இறங்கி, சேலையை உதறி, வளைவைத் தாண்டி நடந்தாள். அந்தப் பக்கமும் அதே சீமைக்கருவேலம்தான், அதே மஞ்சள்தான். வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ஆசை தீரத் தும்மினாள். எல்லைக்கு வெளியே அது வெறும் தும்மல்.

பஸ்ஸிலிருந்து திரும்பி வந்தவர்கள் தண்ணீரைக் குடித்ததும் எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடினோம். பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. டம்ளர் அலமாரியில் உலர்ந்து கவிழ்ந்திருந்தது. வாசலில் நின்ற தர்மலிங்கம் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு, "போயிட்டாய்யா" என்றார். ஊரில் தும்மல் இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, சிலர் சுண்டுவிரலை விட்டுக் காதைக் குடைந்தார்கள்.

அப்புறம் ஊர் வெளியே கொட்டியது. அதிகாரி ஜீப்பைக்கூட எடுக்காமல் ஓடினார், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனார். பாக்கியம் இத்தனை நாளும் எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் மாறி மாறித் தின்று பூசின உடம்போடு நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் போனார்கள், மாப்பிள்ளை மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினான். ஆடுகள் போயின. மணலிலிருந்து பஸ்ஸைத் தள்ளியெடுக்க எல்லோரும் கை கொடுத்தோம். எல்லோருக்கும் முன்னால் சூர்யகலா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சுடிதார்ப் பைகள் இரண்டிலும் முறுக்கு பிதுங்க, கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள். வளைவுக்கடியில் ஒரு கணம் தயங்கினாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள், திறந்து பார்த்தால் பாலத்துக் கட்டையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, கண்ணில் நீர் ஓடியது, அது பூவினால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

சூர்யகலா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாதும்மா" என்றாள்.

"கேட்டதுல தப்பில்ல" என்றாள் பஞ்சவர்ணம்.

பஸ் வந்து நின்றது. சவரிமுத்து ஹாரன் அடித்தார், அவசரத்துக்கு இல்லை, சந்தோஷத்துக்கு. சூர்யகலா பெட்டியை ஏற்றினாள், படியில் கால் வைத்தாள், அம்மா அவள் கையைப் பிடித்துக் காதருகே இழுத்தாள்.

"எல்லாம் மூக்குதான் தாயி. சத்தியமா மூக்குதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒன்னே ஒன்னு மட்டும் நானா தும்முனது."

"எதும்மா?"

"அதச் சொல்ல மாட்டேன். ஏறு, ஏறு, நேரமாச்சு."

சூர்யகலா சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் இருந்த மீன்காரப் பெண்ணும் காரணம் தெரியாமல் சிரித்தாள், கண்டக்டர் சிரித்தார், பின்னால் வந்து நின்ற நாங்களும் சிரித்தோம். பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே கை ஆடியது, ஆடிக்கொண்டே போனது. பஞ்சவர்ணம் தும்மினாள். நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பஸ் போய்க்கொண்டிருந்தது, கை ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டின் நடுவுக்கு வந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இன்னொரு தும்மல் போட்டாள். அது பூவினால் வந்ததில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பஸ் போய்க்கொண்டே இருந்தது.